வாடகை நாற்காலி

— நகத்தைக் கடிக்காதடி இன்சிமிரே. கறுப்பு அங்கி போட்ட வக்கீல் நகத்தைக் கடிச்சா, பாக்கறவன் கட்சிக்காரி கதை முடிஞ்சுதுன்னு நினைப்பான்.

— கடிக்கல அக்கா. உள்ள பேசினதை ஒரு தடவை மனசுல ஓட்டிப் பாக்கறேன்.

— ஓட்டி என்ன ஆகப்போகுது? பின்னி முடிச்ச தலையை அவிழ்த்து அவிழ்த்துப் பாக்கறவ உருப்பட மாட்டா. நீதிபதியம்மா டீ குடிச்சுட்டு வந்து தீர்ப்பு சொல்றேன்னு எழுந்து போயிட்டாங்க. இனிமே கவலை அவங்களோடது. இந்தா, இந்த மாவுருண்டையைத் தின்னு. உனக்காகத்தான் பொரிச்சு எடுத்துட்டு வந்தேன்.

— இங்க சாப்பிடக் கூடாதுன்னு சுவத்துல எழுதிப் போட்டிருக்கு.

— இங்கிலீஷ்ல எழுதினா எனக்கெப்படித் தெரியும்? பிரெஞ்சுல எழுதட்டும், அப்புறம் பாக்கலாம்.

— ஜோகன்னஸ்பர்க்ல இத்தனை வருஷம் சலூன் நடத்தினவங்க பேசற பேச்சா இது?

— இங்கிலீஷ் எனக்கு வேணுங்கறப்ப வரும், வேண்டாங்கறப்ப போயிடும். அதோ வர்றான் பாரு உன் எதிராளி. அரசாங்க வக்கீல். கோட்டை மட்டும் நல்லாத் தேய்ச்சிருக்கான்.

— பேரு மொலாப்போ. கெட்டிக்காரர். அவர்கிட்ட நீங்க வாயைத் திறக்காதீங்க அக்கா, நான் பேசிக்கறேன்.

— நான் எப்ப வாயைத் திறந்திருக்கேன்?

— வக்கீலம்மா, ஒரு நிமிஷம். உங்க கட்சிக்காரரும் கூட இருக்கறது நல்லதாப் போச்சு. எங்க தரப்புலேர்ந்து ஒரு சமாதானம் பேசலாம்னு வந்தேன்.

— தீர்ப்பு வர்ற நேரத்துலயா, மொலாப்போ?

— தீர்ப்பு வர்ற நேரத்துலதான் எல்லாருக்கும் சமாதானம் ஞாபகம் வருது. பாருங்க, பெலாஜி அம்மாவோட தொழில் விசாவை நாங்க புதுப்பிச்சுக் கொடுத்துடறோம். நீங்க வழக்கைத் திரும்ப வாங்கிக்கணும்.

— நிபந்தனை என்ன?

— கடையைச் சின்னதாக்கணும். சம்பளத்துக்கு இருக்கற உள்ளூர்ப் பொண்ணுங்க ரெண்டு பேர், அப்புறம் அம்மா. அவ்வளவுதான். காங்கோவுலேர்ந்தும் கேமரூன்லேர்ந்தும் வந்த நாலு பேர் கிளம்பணும். நாற்காலி வாடகைக்கு விடறதையும் நிறுத்தணும்.

— அந்த ஏழு நாற்காலியில உக்காந்து முடி பின்றதெல்லாம் யாருன்னு நினைச்சே தம்பி? சொவேட்டோ பொண்ணுங்க. உன் ஊர்ப் பொண்ணுங்க. அவங்களையும் தெருவுக்கு அனுப்பணுமா?

— அக்கா, நான் பேசிக்கறேன்னு சொன்னேன்ல.

— பேசுடி. யாரு வேண்டாம்னா?

— அம்மா கேக்கறதுல தப்பில்ல, நானே சொல்லிடறேன். வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் இங்க தொழில் நடத்தணும்னா, அங்க வேலை பாக்கறவங்கள்ல பாதிக்கு மேல இந்த நாட்டுக்காரங்களா இருக்கணும். உங்க கடையில சம்பளம் வாங்கறவங்க ஆறு பேர். அதுல உள்ளூர் ரெண்டு. கணக்கு உதைக்குது.

— ஏழு நாற்காலியையும் சேத்து எண்ணு. உதைக்காது.

— அவங்க உங்க கடையில வேலை பாக்கறவங்க இல்லம்மா. உங்ககிட்ட நாற்காலியை வாடகைக்கு எடுத்தவங்க. குடித்தனக்காரன் வீட்டுக்காரனோட வேலையாள் ஆயிடுவானா?

— குடித்தனக்காரனுக்கு வீட்டுக்காரி தொழில் கத்துத் தருவாளா? கோணலாப் பின்னினா கையில சீப்பால தட்டுவாளா? அவன் பிள்ளைக்குக் காய்ச்சல்னா தன்கிட்ட வந்த வாடிக்கைக்காரியைக் காக்க வச்சுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவாளா? சொல்லு தம்பி.

— இதைத்தான் உங்க வக்கீலம்மா உள்ள வேற வார்த்தையில சொன்னாங்க.

— அவ சொன்னது அழகு. நான் சொல்றது நிஜம்.

— மொலாப்போ, எங்களுக்கு எவ்வளவு நேரம் இருக்கு?

— நீதிபதியம்மா திரும்ப வந்து உக்கார்ற வரைக்கும். உக்காந்துட்டா இந்தப் பேச்சு கிடையாது.

— அக்கா, இப்படித் திரும்புங்க. நான் சொல்றதைக் கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க. இதை ஒத்துக்கிட்டா நீங்க இங்கயே இருக்கலாம். அது உறுதி. தீர்ப்பு நமக்கு எதிரா வந்துதுன்னா, நீங்க கடையைப் பூட்டிட்டு நாட்டை விட்டுப் போகணும். இந்த மாதிரி ஒரு கேள்வி இதுக்கு முன்னாடி கோர்ட்டுக்கு வந்ததே இல்ல. எந்தப் பக்கம் சாயும்னு எனக்குத் தெரியல.

— நீ ஒத்துக்கோங்கறியா?

— வக்கீலா, ரெண்டு வழியையும் உங்ககிட்ட சொல்ல வேண்டியது என் கடமை.

— வக்கீலை விடு. இன்சிமிரே என்ன சொல்றா?

— இன்சிமிரேக்குப் பயமா இருக்கு அக்கா.

— ஓ.

— நீங்க ரெண்டு பேரும் உறவா? கேக்கக் கூடாதுன்னா விட்டுடுங்க.

— உறவா? நான் கேமரூன், டுவாலா. கடலைப் பாத்து வளந்தவ. இவ காங்கோ, புக்காவு. மலையைப் பாத்து வளந்தவ. நடுவுல எத்தனை நாடு கிடக்குன்னு படத்துல பாரு. உக்காரு தம்பி, ஏன் நின்னுக்கிட்டு? மாவுருண்டை எடுத்துக்கோ.

— இங்க சாப்பிடக் கூடாதே அம்மா.

— ரெண்டு வக்கீலும் ஒரே பள்ளிக்கூடம்தான் போல. சரி கேளு. ஒரு நாள் இந்த ஊர் யோவில் பேட்டையில என் கடை வாசல்ல ஒல்லியா ஒருத்தி வந்து நின்னா. லாரி, பஸ், நடைன்னு பாதிக் கண்டத்தைத் தாண்டி வந்திருக்கா. முடி பின்னத் தெரியுமான்னு கேட்டேன். ரொம்ப நல்லாத் தெரியும்னா.

— அக்கா, அவருக்கு எதுக்கு இதெல்லாம்?

— முதல் தலையை முடிச்சா. கோழி கிளறின குப்பைமேடு மாதிரி இருந்துது. அந்த வாடிக்கைக்காரி கண்ணாடியைப் பாத்துட்டு, சாபம் விடறதா அழறதான்னு தெரியாம உக்காந்திருந்தா.

— எனக்குப் பத்தொன்பது வயசு, மொலாப்போ. பசி. தெரியாதுன்னு சொல்ற வசதி எனக்கு இல்ல.

— அனுப்பிடலாம்னுதான் நினைச்சேன். அப்ப பாத்தா, அந்த வாடிக்கைக்காரிகிட்ட இவ பேச ஆரம்பிச்சா. அரைகுறை இங்கிலீஷ். இது பழுதில்ல, புது மோஸ்தர், புக்காவுல கல்யாணப் பொண்ணுங்க இப்படித்தான் போட்டுப்பாங்கன்னு. அவ சிரிச்சுட்டே எழுந்து போனா. நான் மனசுல நினைச்சேன், கை சரியில்ல, ஆனா இந்த வாய் ஒரு நாளைக்குச் சோறு போடும்னு.

— வக்கீலாகணும்னு அப்பவே ஆசையா, வக்கீலம்மா?

— இல்ல. எனக்கு வக்கீல்னா யாருன்னே சரியாத் தெரியாது. அக்காவைப் பிடிச்சுட்டுப் போன அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

— பிடிச்சுட்டுப் போனாங்களா?

— அதுல ஒளிக்க ஒண்ணுமில்ல தம்பி. ஒரு ஏஜென்ட் என் பாஸ்போர்ட்ல விசா ஒட்டித் தந்தான். ஒட்டினது போலின்னு எனக்குத் தெரியாது. போலீஸுக்குத் தெரிஞ்சுது.

— நான் ஸ்டேஷன் வாசல்ல கிடந்தேன். நாள் கணக்கா. அழுதேன், காலைப் பிடிச்சேன், தெரிஞ்ச நாலு மொழியிலயும் கெஞ்சினேன். கதவு அசையல. அப்புறம் எங்க வாடிக்கைக்காரம்மா ஒருத்தர் ஒரு வக்கீலை அனுப்பி வச்சாங்க. வந்தார். வாயில பாதி ரொட்டி. என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. உள்ள போய், ‘கோர்ட்டு உத்தரவு எங்க, காட்டுங்க’ன்னார். அவ்வளவுதான். உத்தரவு இல்ல. அக்கா வெளிய வந்துட்டாங்க.

— வந்ததும் நான் கேட்டது தண்ணி. இவ என்னைக் கட்டிப்பிடிக்கல, அழல. அந்த வக்கீல் பின்னாடி ஓடறா, ‘ஐயா, நீங்க சொன்ன அந்த வார்த்தையை எங்க கத்துத் தர்றாங்க’ன்னு.

— என்ன சொன்னார்?

— ‘அதுக்கு முதல்ல பள்ளிக்கூடம் முடிச்சிருக்கணும் பொண்ணே’ன்னார். நான் முடிச்சிருந்தேன், மொலாப்போ. ஆனா சான்றிதழ் புக்காவுல எங்க வீட்டோட எரிஞ்சுபோச்சு. அதனால இங்க மறுபடி எழுதினேன். என்னை விடச் சின்னப் பசங்களோட உக்காந்து, தெரியாத மொழியில. அப்புறம் அஞ்சல் வழியில சட்டம்.

— காதுல பாடத்தை மாட்டிக்கிட்டுக் கையால பின்னுவா. அதுகூடப் பரவாயில்ல. படிச்சதை வாடிக்கைக்காரிங்ககிட்ட ஒப்பிச்சுப் பாப்பா. பாவம் அவங்க, தலை இவ கையில மாட்டியிருக்கு, எழுந்து ஓடவும் முடியாது. ஒப்பந்தச் சட்டம் முழுக்க என் கடையில கேட்டுட்டுப் போனவங்க பாதிப் பேர். ஒருத்தி அதை வச்சு தன் புருஷனையே மடக்கினா.

— அந்தப் பாடத்துலதான் நான் தோத்தேன். ஒரு தடவை இல்ல.

— தோத்த அன்னைக்குப் புத்தகத்தையெல்லாம் குப்பையில போட்டா. நான் எடுத்துத் துடைச்சு, மறுபடி அலமாரியில வச்சேன். மறுநாள் அவளே எடுத்துப் படிச்சா.

— பட்டம் வாங்கின பிறகு?

— கதவு கதவாத் தட்டினேன். பேரைப் பாத்ததும் சிலர் சிரிச்சாங்க, பேப்பரைப் பாத்ததும் சிலர் மூடினாங்க. கடைசியில ஃபோர்ட்ஸ்பர்க்ல ஒரு சின்ன அலுவலகம் எடுத்துக்கிச்சு. அவங்ககிட்ட வர்ற வியாபாரிங்க பாதி பேர் காங்கோ, புருண்டி. பிரெஞ்சும் சுவாஹிலியும் பேச ஆள் வேணும். மொழிக்காக எடுத்தாங்க. அங்க பயிற்சியை முடிச்சேன். பரீட்சையெல்லாம் பாஸ் பண்ணினேன்.

— அப்புறமும் நீங்க பதிவு பண்ண முடிஞ்சிருக்காதே. நிரந்தர வசிப்புரிமைப் பத்திரம் இல்லாம வக்கீல் பட்டியல்ல பேர் ஏறாது.

— ஏறல. உங்களுக்குத் தெரியுது. எனக்கு அது பதிவு பண்ணப் போன அன்னைக்குத்தான் உறைச்சுது.

— அந்தக் காலத்தை நினைச்சா இப்பவும் எனக்கு வயிறு எரியும் தம்பி. மனுவெல்லாம் இவ எழுதுவா, கீழ கையெழுத்து இன்னொருத்தன். ஜெயிச்சா கை குலுக்கறது அவனை. சனிக்கிழமை கடைக்கு வந்து தலை பின்னிட்டே சொல்லுவா, ‘இந்த வாரம் ரெண்டு கம்பெனியைக் காப்பாத்தினேன் அக்கா, யாருக்கும் தெரியாது’ன்னு.

— விட்டுட்டுப் போயிருக்கலாமே. வேற வேலை பாத்திருக்கலாம்.

— பேப்பர் ஒரு நாள் வரும்னு தெரியும். வர்றப்ப நான் கை துருப்பிடிச்சுப் போயிருக்கக் கூடாதுன்னு நினைச்சேன்.

— வந்துது. அன்னைக்கு இதே கட்டடம். நீதிபதி முன்னாடி நின்னு இவ உறுதிமொழி எடுக்கறா. நான் கடையைப் பூட்டிட்டு எல்லாப் பொண்ணுங்களையும் கூட்டிட்டு வந்தேன். சொவேட்டோக்காரிங்க எழுந்து குலவை போட்டாங்க பாரு, காவலாளி ‘அம்மா, இது கோர்ட்டு’ங்கறான். தாண்டின்னு பேரு, எங்க கடைப் பொண்ணு ஒருத்தி, அவ சொல்றா, ‘கோர்ட்டுன்னு தெரிஞ்சுதான் மெதுவாப் போட்டோம்’னு.

— கேள்விப்பட்டிருக்கேன். அது நீங்கதானா.

— இதுல என்ன பெருமை வேண்டிக்கிடக்கு உங்களுக்கு அக்கா?

— வக்கீலம்மா, ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சேன். நீங்க அடைக்கலம் தேடி வந்தவங்க. அந்த வழக்குகளை எடுப்பீங்கன்னுதான் எல்லாரும் நினைச்சோம். நீங்க போய்க் கம்பெனி, முதலீடு, தொழில் விசான்னு உக்காந்துட்டீங்க. ஏன்?

— உயிருக்கு ஓடி வர்றவங்களுக்காக வாதாட நல்லவங்க இருக்காங்க. என்னை விட நல்லவங்க. ஆனா எங்களைப் பாத்ததும் எல்லாருக்கும் இரக்கம்தான் வருது, மொலாப்போ. இல்லாட்டி எரிச்சல். ரெண்டுமே எங்களைக் கையேந்தறவங்களாத்தான் பாக்குது. என்னை இந்த ஊர்ல காப்பாத்தினது இரக்கம் இல்ல. ஒரு கடை. கேமரூன்காரி ஒருத்தி வாடகைக்கு இடம் பிடிச்சு, கண்ணாடி மாட்டி, நாலு பேருக்கு வேலை கொடுத்தா. அதுல ஒரு வேலை எனக்குக் கிடைச்சுது. அப்படி ஒரு கடை திறந்திருந்தா இன்னும் எத்தனை பேர் நிமிந்து நிப்பாங்க. அதுக்குத்தான் இந்தச் சட்டத்தைப் படிச்சேன்.

— இதை நீ என்கிட்ட சொன்னதே இல்லடி.

— நீங்க என்னை எங்க பேச விட்டீங்க?

— சரி. அப்ப முடிவு ஆயிடுச்சு. தம்பி, உன் சமாதானம் எங்களுக்கு வேண்டாம்.

— அக்கா.

— நீ இப்பச் சொன்னதை நீயே கேட்டியா? கடைன்னா என்னன்னு சொன்னே. ரெண்டு பேரை வச்சுக்கிட்டு, மீதி அத்தனை பேரையும் அனுப்பிட்டு, நான் மட்டும் கல்லாவுல உக்காந்திருந்தா அது கடையா? அது நான் ஒளிஞ்சிருக்கற இடம்.

— தோத்தா என்ன ஆகும்னு யோசிங்க. டுவாலாவுல உங்களுக்கு யாரு இருக்கா?

— கடல் இருக்கு. சீப்பு என் கையில இருக்கு. தலை இல்லாத ஊர் எங்கயும் இல்ல.

— எனக்கு நீங்க இல்லாத ஊர் தெரியாது அக்கா. இங்க வந்ததுலேர்ந்து ஒரு நாள்கூட அப்படி இருந்ததில்ல. மத்த கம்பெனிக்காரங்க தோத்தா ஒரு விசா போகும். இன்னைக்குத் தோத்தா என் வீடு போகும். தயவுசெஞ்சு ஒத்துக்கோங்க.

— இங்க பாரு. என் முகத்தைப் பாரு. உன்கிட்ட நான் அக்காவா வரல, உன் கட்சிக்காரியா வந்தேன். ஊர்ல பேர் போன வக்கீல் எத்தனை பேர் இருக்காங்க, ஏன் உன்கிட்ட வந்தேன்? நீ என் பொண்ணு மாதிரிங்கறதாலயா? பாசத்துக்கு மாவுருண்டை பொரிப்பேன். என் உயிரை ஒருத்திகிட்ட கொடுக்கணும்னா அவ ஜெயிக்கறவளாங்கறதை மட்டும்தான் பாப்பேன். எழுந்திரு. அங்கியைச் சரி பண்ணு.

— மொலாப்போ. என் கட்சிக்காரர் உங்க யோசனையை ஏத்துக்கல.

— கேட்டேன். உண்மையைச் சொல்லட்டுமா, எனக்கு ஆச்சரியமா இல்ல.

— மணி அடிக்குது.

— வாங்க, உள்ள போகலாம். நீதிபதியம்மா வந்துட்டாங்க.

*

— அவ்வளவுதானா? எல்லாரும் வெளிய வர்றாங்களே. என்ன சொன்னாங்க? அந்த அம்மா இங்கிலீஷை வாய்க்குள்ளயே மென்னு முழுங்கிட்டாங்க. இன்சிமிரே. அடியே. ஏன்டி சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறே? அழாதே. போனாப் போகுது. டுவாலாவுக்கு நீ லீவுக்கு வா, கடல்ல கால் நனைக்கலாம்.

— அக்கா... அக்கா, நான்...

— மூச்சை விடு முதல்ல. தம்பி, இவளுக்குப் பேச்சு வரல. நீயே சொல்லிடு, உன் வாயால கேட்டாத்தான் எனக்கு நம்பிக்கை வரும். நான் என்னைக்குக் கிளம்பணும்?

— நீங்க எங்கயும் கிளம்ப வேண்டாம்மா. நீங்க ஜெயிச்சுட்டீங்க.

— இன்னொரு தடவை சொல்லு.

— ஜெயிச்சுட்டீங்க. உங்க விசாவைப் புதுப்பிக்கச் சொல்லி உத்தரவு. வழக்குச் செலவையும் எங்க தலையில போட்டுட்டாங்க.

— நாலு பேரு?

— இருக்கலாம்.

— ஏழு நாற்காலி?

— அதுதான் விஷயமே. வக்கீலம்மா உள்ள ஒரு கேள்வி கேட்டாங்க, ஞாபகம் இருக்கா? ‘நாளைக்கு இந்தக் கடை மூடினா யார் யார் வீட்டு அடுப்பு அணையும்? அந்த வீட்டுக்காரங்கதான் இந்தக் கடையில வேலை பாக்கறவங்க’ன்னு. நீதிபதியம்மா அதை அப்படியே தீர்ப்புல சொல்லிட்டாங்க. உங்க கடைக்கு மட்டும்னு சொல்லல. முடி பின்ற கடை, தையல் கடை, கார் பட்டறை, எங்கெல்லாம் ஒருத்தர் இன்னொருத்தர் கூரைக்குக் கீழ இடம் எடுத்து உழைக்கறாங்களோ, அவங்க எல்லாரும் கணக்குல வர்றாங்கன்னு சொல்லிட்டாங்க.

— எல்லாருமா? இந்த நாடு முழுக்கவா?

— முழுக்க. நாளைலேர்ந்து இந்தத் தீர்ப்பைத் தூக்கிட்டு எத்தனை பேர் எங்ககிட்ட வருவாங்கன்னு நினைச்சா எனக்குத் தலை சுத்துது.

— கடவுளே. அந்த முதல் தலைக்கு அப்புறம் இவளுக்கு நான் துடைப்பத்தைத்தான் கொடுத்தேன். இன்சிமிரே, வாடி இங்க. குனி. உன் உச்சியில ஒரு முத்தம் கொடுக்கணும். அழுதுக்கோ, இப்ப எவ்வளவு வேணும்னாலும் அழுதுக்கோ.

— நான் அழல அக்கா.

— ஆமாம், என் தோள்ல மழை பெய்யுது.

— மொலாப்போ, மேல்முறையீடு போவீங்களா?

— போகலாமான்னு என்கிட்ட கேப்பாங்க. போக வேண்டாம், இந்தத் தீர்ப்பு சரின்னு எழுதிக் கொடுக்கப் போறேன்.

— உங்க வாதமும் நல்ல வாதம். நான் மூணு வாரம் அதுக்குப் பதில் தேடினேன்.

— என் வேலையை நான் செஞ்சேன். ஒழுங்காத்தான் செஞ்சேன்.

— ஒண்ணு சொல்றேன் தம்பி, தப்பா எடுத்துக்காதே. தோத்தவன் முகத்தை நான் நிறையப் பாத்திருக்கேன், கண்ணாடியிலயே பாத்திருக்கேன். உன் முகம் அப்படி இல்ல. கண்ணு கலங்கியிருக்கு, ஆனா சிரிக்கறே. உனக்கென்ன சந்தோஷம் இதுல?

— வீட்டுக்குப் போய் எங்கம்மாகிட்ட இதைச் சொல்லணும்மா. முதுகு வளைஞ்சுபோற வரைக்கும் உங்களை மாதிரி ஒரு கேமரூன்காரம்மா கடையில நாற்காலி வாடகைக்கு எடுத்து, முடி பின்னித்தான் அவங்க என்னை வக்கீலாக்கினாங்க.